உதட்டுப் பாறை

பல் மருத்துவமனையின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த ஓர் அறையில் அவள் வேலை பார்த்தாள். ஜன்னலைத் திறந்தால் டீசல் புகை வரும். மூடினால் மெழுகு வாடை நிற்கும். இரண்டில் எது தேவலை என்று அத்தனை வருஷமாகியும் அவள் முடிவுக்கு வரவில்லை. மேசையில் ஸ்பிரிட் விளக்கு, இளஞ்சிவப்பு மெழுகுத் தகடுகள், சின்னச் சின்னக் கத்திகள். ஓரத்தில் பாலிஷ் மோட்டார். கீழே பிளாஸ்டர் மூட்டை. நோயாளியின் வாயில் எடுத்த அச்சை டாக்டர் உள்ளே அனுப்புவார். அவள் அதில் பிளாஸ்டர் கரைத்து ஊற்றி, மெழுகால் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, முழு பல் செட்டாக்கி வெளியே அனுப்புவாள். அது யார் வாய்க்குப் போகிறது என்பது பெரும்பாலும் அவளுக்குத் தெரியாது.

தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். "மத்தவனெல்லாம் பொண்டாட்டியத் தலைல தூக்கி வெச்சு ஆடுறான். நான் நெஜமாவே பல்லக்கு தூக்குறவன்" என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பார். அவளுக்கு அந்தச் சிரிப்பு அலுத்துப் பல காலமாயிற்று.

பாறை ஓவியங்கள் மேல் அவளுக்கு ஆசை வந்தது என்று சொன்னால் அது சரியாக இருக்காது. முதலில் வந்தது எரிச்சல்தான். ஒருமுறை வேன் ஓட்டுநர்கள் குடும்பத்தோடு சுற்றுலா போனார்கள். போன இடங்களில் ஒன்று, ஆதிகால மனிதர்கள் வரைந்த படங்கள் இருக்கும் ஒரு குன்று. குன்றுக்கு முன்னால் இரும்பு வேலி. வேலிக்கு முன்னால் கயிறு. கயிற்றுக்கு முன்னால், பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓர் உயரமான ஆள். வழிகாட்டி சிவப்பு லேசர் விளக்கை அடித்து, "அதோ மான், அதோ வில்லு, அதோ கூத்து" என்று அடுக்கிக்கொண்டே போனான். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் காப்பி சிந்தினாற்போல ஒரு கறை.

"கொஞ்சம் கிட்டப் போய்ப் பாக்கலாமா தம்பி?" என்று கேட்டாள்.

"இங்கருந்தே நல்லாத் தெரியுமேம்மா" என்றான் அவன்.

அதற்குள் பஸ்ஸில் ஹாரன் அடித்துவிட்டார்கள். எதையும் ஒரு சாண் தூரத்தில் பிடித்து வைத்துப் பார்த்தே பழகிய கண் அவளுடையது. பல்லில் மயிரிழை அளவு தூக்கல் இருந்தாலும் அவளுக்குத் தெரியும். அவளைக் கொண்டுபோய் அத்தனை தூரத்தில் நிறுத்தியது அவமானம் மாதிரி இருந்தது. திரும்பும்போது வழி நெடுக ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அண்ணி, மூஞ்சி இஞ்சி தின்ன மாதிரி இருக்கு?" என்று நாத்தனார் கேட்டாள்.

"போனோம், வந்தோம். என்னத்தப் பாத்தோம்?"

நாத்தனார், வேன்காரரின் தங்கை. பெரிய மருத்துவமனை ஒன்றில் டோக்கன் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். விவாகரத்துக்குப் பிறகு அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தாள். நாள் முழுக்க மற்றவர்களை வரிசையில் நிற்கச் சொல்லிச் சொல்லி, தான் மட்டும் எந்த வரிசைக்கும் அடங்காத ஆளாகியிருந்தாள். "கிட்டப் போய்ப் பாக்கணும்னா, வேலி போடாத இடமாப் பாத்துப் போகணும்" என்று அன்றைக்குப் பேச்சுவாக்கில் சொன்னாள். சொன்னதை அவள் மறந்துவிட்டாள். அண்ணி மறக்கவில்லை.

வேலி போடாத இடம் எது என்று தெரிந்தது போர்க்காரர் மூலமாக. போர்க்காரர் என்றால் சண்டைக்குப் போனவர் இல்லை, ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில் பாதி ஆயுளைக் கழித்தவர். அவருக்கு மேலும் கீழும் பல் செட் தயாராகிக்கொண்டிருந்தது. மெழுகைக் கடிக்க வைத்துப் பார்த்தபோது சரியாக உட்காராததால் டாக்டர் பல்லக்காவைக் கூப்பிட்டார். அவள் போய் நின்றபோது டாக்டருக்கு போன் வந்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ஒரு பாறை ஓவியம். போர்க்காரர் அதைக் கைகாட்டி, வாய் நிறைய மெழுகோடு என்னவோ சொன்னார். அவள் மெழுகை வெளியே எடுத்தாள்.

"இந்த மாதிரி நான் நேர்லயே பாத்திருக்கேன்னு சொன்னேன்மா" என்றார். "பாலைவனத்துல பழைய சுரங்கம் ஒண்ணு இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி ரெண்டாவது ஓடை. தண்ணி கெடையாது, வெறும் மணல். அதுலயே மேல ஏறிப் போனா ஒரு பாறை கீழுதடு மாதிரி தொங்கிக்கிட்டு நிக்கும். அதுக்கு அடியில கை. செகப்புக் கை. சுவரு பூராவும்."

"எந்தப் பக்கத்துலருந்து எண்ணணும் அண்ணே? ரெண்டாவதுன்னா?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். டாக்டர் திரும்பி வந்து, திறந்த வாயில் மெழுகை வைத்துவிட்டார். அவ்வளவுதான். பல் செட் போனது, போர்க்காரரும் வெளியூரில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

குளிர்காலத்துப் பள்ளி விடுமுறையில் முதல் பயணம். வேன்காரர் பாதை முடிகிற இடம் வரைக்கும் கொண்டுவிடுவதாக ஒப்புக்கொண்டார். அதற்கு மேல் ஓர் அடி எடுத்துவைக்க மாட்டேன் என்றார். "வீட்டுச் சுவத்துல உள்ள ஓதத்தைப் பாக்கச் சொன்னா பாக்க மாட்டேங்குற. பாறைல உள்ளதைப் பாக்க இவ்வளவு தூரமா?" என்று வண்டி ஓட்டிக்கொண்டே கேட்டார்.

முதுகுப் பையில் பாதிக்கு மேல் தண்ணீர். மிச்சத்தில் ரொட்டி, பேரீச்சை, வேர்க்கடலை, படுக்க ஒரு விரிப்பு, போர்வை. நாத்தனார் பையின் உச்சியில் தலையணையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"இதை எதுக்கு?"

"தலையணை இல்லாம எனக்குத் தூக்கம் வராது அண்ணி."

"தண்ணிய ஒண்ணு கூடக் கொண்டாந்திருக்கலாம்ல?"

"தண்ணிமேல தலை வெச்சுப் படுக்க முடியுமா?"

இடிந்த புகைபோக்கி ஒன்றும் கூரை இல்லாத அறைகளும்தான் அந்தச் சுரங்கம். அதற்குப் பின்னால் மணல் ஓடைகள் கைவிரல்கள் போலப் பிரிந்து மலைக்குள் போயின. பல்லக்கா இடப்பக்கம் இருந்து எண்ணி இரண்டாவதில் ஏறினாள். ஒரு காலை எடுத்தால் அடுத்த கால் புதைந்தது. காலணிக்குள் மணல். மணலைக் கொட்டினால் முள். வெயில் தலைக்கு மேல் இருந்ததை விட, பாறையில் பட்டு முகத்தில் அடித்ததுதான் அதிகம். கூரை மாதிரி நீண்டிருந்த ஒவ்வொரு பாறைக்கும் கீழே குனிந்து குனிந்து அவளுக்கு இடுப்பு விட்டுப் போயிற்று.

"அண்ணி, இங்க ஒரு கை."

"அது வௌவால் எச்சம்."

"இது?"

"துரு."

"இது கண்டிப்பா மாடு. கொம்பு இருக்கு பாருங்க."

"விரிசல்."

ஓடை கடைசியில் ஏற முடியாத ஒரு செங்குத்துப் பாறையில் முட்டி நின்றது. உதடும் இல்லை, கையும் இல்லை. நாத்தனாரின் குதிகாலில் கொப்புளம் உடைந்துவிட்டது. திரும்பி வந்தபோது வேன்காரர் பின் சீட்டில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்து, "கெடச்சுதா?" என்றார். இரண்டு பேரும் ஏறிக் கதவை அறைந்து சாத்தியதில் அவருக்கு விஷயம் புரிந்தது.

அடுத்த முறை சுரங்கம் வரைக்கும்கூடப் போக முடியவில்லை. காவலர் ஒருவர் ஜீப்பில் வந்து மறித்தார். அது அரசாங்க நிலம், உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார். போன தடவை யாரும் கேட்கவில்லையே என்றாள் பல்லக்கா. போன தடவை ஜீப் பழுதாகிக் கிடந்தது என்றார் அவர். விடுமுறை அதோடு முடிந்தது.

அனுமதி தரும் அலுவலகத்துக்கு அவள் நடையாய் நடந்தாள். ஒரு நாள் அதிகாரி இல்லை. ஒரு நாள் முத்திரை இல்லை. ஒரு நாள் இரண்டும் இருந்தும் மின்சாரம் இல்லை. ஒருவழியாகப் பிரிவு குமாஸ்தா உட்காரச் சொன்ன அன்றைக்கு, நாத்தனாரும் கூடப் போயிருந்தாள்.

"உள்ள எதுக்குப் போறீங்க?" என்று குமாஸ்தா கேட்டார்.

"பாக்கறதுக்கு."

"பாக்கறதுக்குன்னு இதுல இல்லம்மா. சுரங்கம், ஆராய்ச்சி, மேய்ச்சல். இதுல ஒண்ணு சொல்லுங்க."

"ஆராய்ச்சின்னு போட்டுக்குங்க."

"அப்படின்னா பல்கலைக்கழகத்துலருந்து கடிதம் வேணும்."

எழுந்து போய்விடலாம் என்றுதான் பல்லக்கா நினைத்தாள். நாத்தனார் முந்திக்கொண்டாள். "மேய்ச்சல்னு போடுங்க சார்."

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். "ஆடு எங்க?"

"நாங்கதான்."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார், மறுபடியும் திறந்தார். வரிசையில் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு மேய்ச்சல் என்று எழுதி, கால்நடைகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் ஒரு கோடு போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். அத்தனை அலைச்சலுக்கும் அந்தக் கோடு மட்டுமே கிடைத்ததை நினைத்துப் பல்லக்கா படியிறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சிரிப்பா அழுகையா என்று நாத்தனாருக்குத் தெரியவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் வலப்பக்கம் இருந்து எண்ணினார்கள். நாத்தனார் இந்த முறையும் தலையணையைக் கொண்டுவந்திருந்தாள், ஆனால் பாதி பஞ்சை எடுத்துவிட்டிருந்தாள். முதல் நாள் முழுக்க நடை. இரண்டாம் நாள் காலையில் ஓடை ஒரு வளைவு திரும்பியது. நாத்தனார் நின்றுவிட்டாள். கையை நீட்டிக் காட்டினாள்.

மேலே பாறை கீழுதடு போலப் பிதுங்கித் தொங்கியது. அதன் அடியில் சுவர் முழுக்கச் சிவப்புக் கைகள். பெரியது, சிறியது, விரல் விரித்தது, சாய்ந்தது. அவ்வளவு தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தன. பல்லக்கா பையைக் கழற்றிப் போட்டாள். கற்களில் ஏறி, கையூன்றி, சறுக்கி, மறுபடியும் ஏறினாள். நாத்தனார் பின்னாலிருந்து, "அண்ணி, மெதுவா, ஓடியா போயிடும்?" என்றாள்.

ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள். மூச்சுக்கூடப் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள் நாத்தனார்.

ஒரு கையின் அடியில் சிவப்பு வழிந்து, சொட்டாகத் தடித்து நின்றிருந்தது. அதில் பளபளப்பு இருந்தது. உள்ளங்கை நடுவில் பிரஷ் மயிர் ஒன்று ஒட்டிக் காய்ந்திருந்தது.

"இது கேட் பெயிண்ட்" என்றாள்.

"என்னது?"

"நம்ம வீட்டு கேட்டுக்கு அடிச்சிருக்கோமே, அதே செகப்பு. டப்பால வாங்குறது."

நாத்தனார் மேலே ஏறி வந்தாள். இருவரும் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். எல்லாம் அதே பெயிண்ட்தான். ஆனால் கடைக்கோடியில் ஒரு கையில் பிரஷ் சரியாக ஓடவில்லை. கட்டைவிரல் பக்கம் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. அந்த இடைவெளியில் பாறையோடு பாறையாக ஊறிப்போன ஒரு மங்கலான செம்பழுப்பு தெரிந்தது. அதற்குப் பளபளப்பில்லை, தடிப்பில்லை. மேலே அடித்த கட்டைவிரலை விட மெலிந்த ஒரு கட்டைவிரல். பழைய கைகள் இருந்திருக்கின்றன. யாரோ அவற்றின் மேலேயே, ஒன்று விடாமல், பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

பல்லக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார் கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ தண்ணீர் பாட்டிலைத் திறந்து அண்ணியின் கையில் கொடுத்துவிட்டு, "எவன் பாத்த வேலையோ, அவன் கை வெளங்காமப் போக" என்றாள்.

அந்தக் கை எது என்று கொஞ்ச காலத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரு நாள் காலை பல்லக்காவின் மேசைக்கு ஒரு கீழ்ப்பல் செட் வந்தது, ஈறில் உரசிப் புண்ணாக்குகிறது என்ற குறிப்போடு. தன் கை வேலை அவளுக்குத் தெரியாதா? அதைக் கையில் எடுத்துக்கொண்டே வெளியே வந்தாள். மகள் ஊரிலிருந்து திரும்பியிருந்த போர்க்காரர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். இளைத்திருந்தார். மேல் செட்டையும் கழற்றி வைத்திருந்ததால் வாய் உள்ளே ஒடுங்கியிருந்தது.

"அண்ணே, நீங்க சொன்ன எடத்துக்குப் போயிருந்தேன்" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. "போனீங்களா? கையெல்லாம் அப்படியே இருக்கா?"

"இருக்கு. பெயிண்ட் அடிச்சிருக்கு."

"நான்தாம்மா அடிச்சேன்" என்றார் அவர். "மங்கிப் போயிக் கெடந்துச்சு. எத்தனை காலத்துக் கையோ, பாத்தாப் பாவமா இருந்துச்சு. லாரில மிச்சப் பெயிண்ட் இருந்துச்சு. கூட வந்தவனெல்லாம் படுத்துத் தூங்கறான், நான் ஒருத்தனா நின்னு அத்தனையும் அடிச்சு முடிச்சேன். யாராவது பாத்துக்கலைன்னா அழிஞ்சிரும்ல? இப்பவும் நல்லாத் தெரியுதில்ல?"

பல்லக்காவின் வாயில் வார்த்தைகள் வந்து முட்டின. அவள் கையில் அவருடைய பற்கள் இருந்தன. அவர் ஈறில் ரத்தம் கன்றியிருந்தது. குழந்தை மாதிரி பதிலுக்குக் காத்திருந்தார்.

"தெரியுது" என்றாள்.

உள்ளே போய் மோட்டாரைப் போட்டு, உரசும் இடத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேவைக்கு மேல் அழுத்திவிட்டாள். இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் ஓட்டையாகியிருக்கும். நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்து புகையை வாங்கிக்கொண்டு நின்றாள். பிறகு மறுபடியும் உட்கார்ந்து, ஒழுங்காக வழித்து, பாலிஷ் போட்டு எடுத்துப் போய் மாட்டிவிட்டாள்.

"வலிக்குதா?"

"இல்லம்மா. பூ மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு வீட்டில் பல வாரங்களுக்கு எல்லோரும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். தட்டை வைத்தால் குற்றம், எடுத்தால் குற்றம். "அந்த ஆளை நல்லா நாலு வார்த்தை கேட்டிருக்கணும் நீங்க" என்றாள் நாத்தனார்.

"பல்லே இல்லாம உக்காந்திருக்கிறவரை என்னன்னு கேக்குறது?"

"அதுக்கு எங்களையா திட்டணும்?" என்றார் வேன்காரர். "எங்களுக்குப் பல் இருக்குன்னா?"

கேட் பெயிண்ட்டைக் கரைத்து எடுத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் அவளுக்கு அந்தக் கோபத்தில்தான் வந்தது. மெழுகும் பிசினும் கறையும் நீக்க எத்தனையோ திரவங்களைக் கையாண்டவள். செங்கல் துண்டு ஒன்றில் சிவப்பு பெயிண்ட் அடித்து, காய வைத்து, தின்னரில் பஞ்சைத் தோய்த்து ஒற்றி ஒற்றிப் பார்த்தாள். சுத்தமாக வந்தது. இன்னொரு செங்கல்லிலும் வந்தது. பைக்குள் தின்னரும் பஞ்சும் வைத்துக்கொண்டு, கோடு போட்ட மேய்ச்சல் சீட்டைப் புதுப்பித்து, அடுத்த விடுமுறைக்கு மறுபடியும் கிளம்பினாள்.

பழைய கைகள் இல்லாத இடமாகப் பார்த்து, வெறும் பாறையில் வழிந்திருந்த ஒரு சொட்டை முதலில் தேர்ந்தெடுத்தாள். ஆசை தீரக் கழுவிவிடலாம் என்றிருந்தாலும் அந்த நிதானம் இருந்தது. பஞ்சை வைத்தாள். பெயிண்ட் இளகியது. பஞ்சை எடுத்தாள். இளகிய சிவப்பில் பாதி பஞ்சில் வந்தது. மீதி வெளியே வராமல் பாறைக்குள்ளே இறங்கியது. செங்கல்லைப் போல இல்லை, அந்தப் பாறை சர்க்கரைக் கட்டி போலக் குடித்தது. இன்னொரு பஞ்சை வைத்தாள். கறை இன்னும் அகலமானது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரோஸ் நிறத் தீற்றல். அது இனி எதற்கும் போகாது.

"போதும் அண்ணி. விட்ருங்க" என்றாள் நாத்தனார்.

அவள் புட்டியை மூடினாள். போர்க்காரர் நல்லெண்ணத்தோடு கெடுத்தார். அவள் கோபத்தோடு கெடுத்தாள். பாறைக்கு இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது. எதிரே, ஓடைக்கு அந்தப் பக்கம் கிடந்த ஒரு பெரிய கரும்பாறைக்குப் போய், பைகளுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. போன முறையும் இந்தக் கரும்பாறையில்தான் அவர்கள் சாய்ந்து உட்கார்ந்தார்கள், காலுறை காயப் போட்டார்கள். இப்போதும் வியர்வையில் நனைந்த நாத்தனாரின் தலையணை அதன் மேல்தான் காய்ந்துகொண்டிருந்தது.

வெயில் சாய்ந்தது. ஓடையின் வாய்ப்பக்கமிருந்து ஒளி தரையோடு தரையாக வந்து பாறையின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டு போயிற்று. நாத்தனார் தலையணையை எடுக்க வந்தவள் குனிந்து பார்த்தாள்.

"அண்ணி, இதையும் விரிசல்னு சொல்லிடாதீங்க."

பல்லக்கா எரிச்சலோடு திரும்பினாள். கரும்பாறையின் முகத்தில் ஒரு மிருகம் நின்றது. நீண்ட கழுத்து, பின்னால் திரும்பிய தலை, மெலிந்த கால்கள். வண்ணம் எதுவும் இல்லை. கல்லால் கல்லைக் கொத்திக் கொத்தி எடுத்த ஆழமில்லாத கோடுகள். ஒவ்வொரு கொத்திலும் துளி நிழல் விழுந்திருந்ததால்தான் கோடு தெரிந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே இன்னொன்று, குட்டி.

அவள் ஒரு சாண் தூரத்துக்குப் போனாள். கொத்தியவன் முதுகுக் கோட்டை ஒரே வீச்சில் கொண்டுவந்திருந்தான். காலருகே ஒரு கொத்து தவறி வெளியே விழுந்திருந்தது. தவறியதைத் திருத்தப் பார்த்து, முடியாமல் விட்டிருந்தான். அந்தத் தவறிய கொத்தை அவள் வெகுநேரம் பார்த்தாள். "படம் எடு, படம் எடு" என்றாள். நாத்தனார் போனைத் தேடி எடுத்து வருவதற்குள் ஒளி போய்க்கொண்டிருந்தது. எடுத்த படங்களில் ஒன்றில் பல்லக்காவின் நிழல், இன்னொன்றில் நாத்தனாரின் விரல். பிறகு மிருகம் பாறைக்குள் போய்விட்டது.

காலையில் வெளிச்சம் வேறு பக்கமிருந்து வந்தது. பாறை வெறும் பாறையாக இருந்தது. விரலால் தடவினால் ஏதோ நெருடுகிற மாதிரி இருந்தது, நெருடாத மாதிரியும் இருந்தது. தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்ததால் காத்திருக்க வழியில்லை.

வீட்டில் வேன்காரர் போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "பாறை" என்றார்.

"கழுத்து தெரியலையா? இங்க பாருங்க, கழுத்து."

"நீ சொன்னப்பறம் தெரியுது. ஆனா நீ சொன்னா எனக்கு எதுவும் தெரியும்."

தொல்லியல் அலுவலகத்துக்குக் கைகளைப் பற்றியும், பெயிண்ட் பற்றியும், தான் செய்த தீற்றலைப் பற்றியும் மறைக்காமல் எழுதி, படங்களையும் அனுப்பினாள். பெயிண்ட்டைத் தொட வேண்டாம், நாங்கள் ஆள் அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. மிருகத்தைப் பற்றி ஒரே வரி: படத்தில் தெளிவில்லை. அந்த வரியை அவள் மருத்துவமனை அறையில் நின்றபடி பலமுறை படித்தாள். அன்று முழுக்க அவள் நட்ட பல் எதுவும் சரியாக உட்காரவில்லை.

"சரி, நானே வரேன்" என்று ஒரு நாள் வேன்காரர் சொன்னார். "நான் ஒருத்தன் பாத்து, ஆமா இருக்குதுன்னு சொல்லிட்டா வீட்ல நிம்மதி வருமா?"

"ஆமா."

"எழுதிக் குடுப்பியா?"

"உங்களால அவ்வளவு தூரம் நடக்க முடியாது."

அப்படிச் சொன்னதுதான் அவரைக் கிளப்பிவிட்டது. ஓட்டுநர் சீட்டிலேயே தேய்ந்த முழங்காலோடு, பெரும்பங்கு தண்ணீரைத் தானே சுமந்துகொண்டு, ஒவ்வொரு வளைவிலும் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டு நடந்தார். மணலைத் திட்டினார், முள்ளைத் திட்டினார், போர்க்காரரின் பரம்பரையைத் திட்டினார். உதட்டுப் பாறைக்கு வந்து கைகளைப் பார்த்து, "நல்லாத்தானே அடிச்சிருக்கான்" என்று சொல்லப் போனவர், மனைவியின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் மூன்று பேரும் கரும்பாறைக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். அந்த வனாந்தரத்தில் மாதக்கணக்கில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. அன்று பார்த்து மேற்கே சாம்பல் போர்வை விரித்த மாதிரி மேகம். ஒளி வரவில்லை. பாறை அப்படியே இருண்டது. இரண்டு சொட்டு மழைகூட விழுந்தது.

பல்லக்கா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமும் சேர்ந்து வந்து நெஞ்சில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. "நான் ஒண்ணும் பொய் சொல்லல" என்றாள்.

"யாரு சொன்னது பொய்யின்னு?" என்றார் வேன்காரர். எழுந்து போய்ப் பாறையின் முகத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். நிதானமாக, சக்கரத்தில் காற்று பார்க்கிறவர் போலத் தடவினார். ஓர் இடத்தில் நின்றார். "இங்கயா?"

"இல்ல, இன்னும் கீழ. அங்கதான் கழுத்து."

கையைக் கீழே இறக்கித் தடவியவர், தங்கையிடம் திரும்பினார். "தண்ணி எவ்வளவு இருக்கு?"

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஓடும். அதுக்கப்பறம் நடக்கறதுக்கு உள்ளதுதான்."

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இருக்க முடியாதா?"

"இருந்தா நாளான்னைக்கு நாம பாறை ஆயிடுவோம் அண்ணே."

மறுநாள் மத்தியானம் வரை காத்திருந்தார்கள். மேகம் கலையவே இல்லை. பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கியபோது வேன்காரர்தான் முன்னால் போனார். திறந்த வாய் மூடாமல் மேகத்தை வைதுகொண்டே நடந்தார். இவ்வளவு தூரம் வந்தவனை இப்படியா ஏமாற்றுவது, ஒரு பத்து நிமிஷ வெயிலுக்கு இத்தனை பிகுவா, அடுத்த லீவுக்கு இன்னும் ரெண்டு கேன் கூடுதலாகக் கொண்டுவந்து, உட்கார்ந்தே தீருவது என்று என்னென்னவோ. நாத்தனார் திரும்பி அண்ணியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். புலம்புகிறவர் புலம்பட்டும் என்று பல்லக்கா பின்னால் நடந்தாள்.